‘நான்’ என்று சொல்லும்போது யாரைச் சொல்கிறோம்?

1930களின் தொடக்கத்தில் சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா ஒரு குழுவோடு உஸ்பெகிஸ்தானின் மலைக் கிராமங்களுக்குப் போனார். எழுத்தறிவும் கூட்டுப் பண்ணையும் அப்போதுதான் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தன. அங்குள்ளவர்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று அறியப் பல கேள்விகள் கேட்டார்கள். நீ எப்படிப்பட்ட ஆள், உன் குணம் என்ன, உன்னிடம் என்ன குறை என்பதும் அவற்றில் ஒன்று. ஒரு விவசாயி தான் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதைச் சொன்னார்; முன்பு மிகவும் ஏழை, இப்போது மனைவி மக்களோடு இருக்கிறேன் என்றார். உன்னைப் பற்றி உனக்குத் திருப்தியா, வேறு மாதிரி இருக்க ஆசையா என்று மேலும் கேட்டதற்கு, இன்னும் கொஞ்சம் நிலம் இருந்தால் கோதுமை விதைக்கலாம் என்று பதில் வந்தது. இன்னொருவர் பட்டென்று மறுத்துவிட்டார். என் குணத்தை நான் எப்படிச் சொல்வது, மற்றவர்களைக் கேளுங்கள், அவர்கள் சொல்வார்கள் என்றார்.

பள்ளிக்கூடமும் புதிய சமூக வாழ்க்கையும் வராத இடத்தில், தன்னை உள்நோக்கிப் பார்க்கும் பழக்கம் இன்னும் உருவாகவில்லை என்பது லூரியா தந்த விளக்கம். கூட்டுப் பண்ணை வேலையில் இறங்கியவர்களும் சிறிது பயிற்சி பெற்றவர்களும் தங்கள் நிறைகுறைகளைப் பேசினார்கள் என்று அவர் ஆதாரமும் காட்டினார். எனக்கு அந்த விளக்கம் முழுதாக ஒப்பவில்லை. ‘மற்றவர்களைக் கேளுங்கள்’ என்ற பதில் தமிழ் படித்தவர்களுக்குப் புதிதல்ல. எத்தனை துறைகளைக் கற்றுத் தேர்ந்தவனானாலும் ‘தான்தற் புகழ்தல் தகுதி அன்றே’ என்கிறது நன்னூல். நூலாசிரியனின் பெருமையைச் சொல்லும் பாயிரத்தை அவனுடைய ஆசிரியரோ, உடன் படித்தவரோ, மாணவரோ, உரைகாரரோதான் எழுத வேண்டும். அதன் பிறகு விதிவிலக்குகள் வருகின்றன. அரசவைக்கு ஓலை எழுதும்போதும், தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவிலும், அவையில் வாதத்தில் வெல்ல வேண்டிய பொழுதிலும், எதிராளி தன்னைப் பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். இப்படி வகுத்தவர்களுக்கு உள்நோக்கிப் பார்க்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தன்னைப் பற்றி எங்கே, எவர் முன்னால், எவ்வளவு பேசலாம் என்பதற்கு அவர்களிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. அந்த உஸ்பெக் விவசாயிக்கும் அப்படியோர் ஒழுங்கு இருந்திருக்கலாம்.

ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் எண்ணங்களின் தொகுப்பை உளவியலில் ‘சுயக் கருத்து’ என்கிறார்கள். நான் கோபக்காரன், நான் மூத்த மகள், நான் மதுரைக்காரன், எனக்குக் கணக்கு வராது என்பவையெல்லாம் இதற்குள் அடங்கும். இவற்றில் எது முதலில் நினைவுக்கு வருகிறது, எதை வெளியில் சொல்கிறோம், எது புண்பட்டால் ‘நானே’ புண்பட்டதாக உணர்கிறோம் என்பவற்றைப் பண்பாடு பெரிதும் தீர்மானிக்கிறது. பண்பாடு என்றதும் பொங்கலும் பட்டுப்புடவையும் கண்முன் வந்தால் அவற்றைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். குழந்தை யார் பக்கத்தில் தூங்குகிறது, பெரியவர்கள் அதனிடம் என்ன கேட்கிறார்கள், எதற்குப் பாராட்டு கிடைக்கிறது, எதற்கு அடி விழுகிறது, வயலுக்குத் தண்ணீர் யாரைக் கேட்டு வருகிறது என்ற அன்றாடச் சங்கதிகள்தான் இங்கே பண்பாடு.

இதை அளப்பதற்கு உளவியலாளர்கள் வைத்திருக்கும் கருவி மிக எளியது. 1954இல் மான்ஃபோர்டு குன், தாமஸ் மெக்பார்ட்லண்ட் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள் அதை அறிமுகப்படுத்தினார்கள். ஒரு தாளில் ‘நான் யார்?’ என்ற கேள்விக்கு இருபது பதில்கள் எழுத வேண்டும். அவ்வளவுதான். பிறகு அந்தப் பதில்களை வகை பிரிப்பார்கள். ‘நான் பொறுமைசாலி’ என்பது குணம். ‘நான் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்’ என்பது உறவு. ‘நான் ஆசிரியர் சங்க உறுப்பினர்’ என்பது குழு.

இந்தத் தாளைக் கென்யாவில் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1997இல் வெளிவந்தது. மாசாய், சம்புரு என்ற இரண்டு மேய்ச்சல் சமூகத்தினர், நைரோபி நகரத்துத் தொழிலாளர்கள், நைரோபி பல்கலைக்கழக மாணவர்கள், அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் ஆகியோரின் பதில்களை அதில் ஒப்பிட்டார்கள். மாசாய், சம்புரு மக்கள் பெரும்பாலும் உறவையும் கடமையையும் குழுவையும் சொன்னார்கள். குணம் பற்றிய சொற்கள் மிக அரிதாகவே வந்தன. அமெரிக்க மாணவர்கள் இதற்கு நேர்மாறு. இதுவரை எல்லாரும் எதிர்பார்ப்பதுதான். ஆனால் நைரோபி மாணவர்கள் தங்கள் நாட்டு மேய்ப்பர்களைவிட அமெரிக்க மாணவர்களுக்கே நெருக்கமாக இருந்தார்கள். தொழிலாளர்கள் நடுவில் நின்றார்கள்.

இந்தக் கடைசிச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ‘மேலைநாட்டார் தனிமனிதர்கள், கீழைநாட்டார் கூட்டுக் குடும்பத்தார்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பெருமிதத்துக்கு அது சரியான மருந்து. ஒரே நாடு, ஒரே தலைமுறை. பள்ளிக்கூடமும் நகரமும் கூலி வேலையும் நடுவில் வந்ததும் பதில் மாறிவிடுகிறது.

இந்தத் துறைக்கு அடித்தளமிட்ட கட்டுரை 1991இல் வந்தது. எழுதியவர்கள் அமெரிக்கரான ஹேசல் மார்கஸும் ஜப்பானியரான ஷினோபு கிதயாமாவும். அதுவரை உளவியல் பாடப் புத்தகங்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் கண்டதை மனித இயல்பு என்றே எழுதிவந்தன. அது சுயத்தின் ஒரு வகை மட்டுமே என்றார்கள் இவர்கள் இருவரும். ஒரு வகையில், நான் என்பவன் என் தோலுக்குள் முடிந்துவிடுகிறவன். என் குணமும் விருப்பமும் திறமையும் எங்கே போனாலும் என்னோடு வரும். அவற்றை வெளிப்படுத்துவதே வாழ்க்கை. இதைத் தனித்த சுயம் எனலாம். இன்னொரு வகையில், நான் என்பவன் என் உறவுகளின் நடுவில் இருப்பவன். யாரோடு இருக்கிறேன் என்பதைப் பொறுத்து என் நடத்தை மாறுவது இயல்பு, அது போலித்தனம் ஆகாது. என் இடத்தை அறிந்து நடப்பதே வாழ்க்கை. இதை உறவுசார் சுயம் எனலாம். எல்லாரிடமும் இரண்டும் உண்டு. எதற்கு அன்றாடம் அதிக வேலை கிடைக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

இதைச் சோதிக்கப் பல ஆய்வுகள் வந்தன. எனக்குப் பிடித்தது, 1999இல் ஷீனா ஐயங்காரும் மார்க் லெப்பரும் வெளியிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்துகளை மாற்றிச் சொல் கண்டுபிடிக்கும் புதிர்கள் கொடுத்தார்கள். சிலர் எந்தப் புதிர் என்பதைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். சிலருக்கு ஆய்வாளரே தேர்ந்து கொடுத்தார். சிலரிடம் ‘இது உன் அம்மா உனக்காகத் தேர்ந்தது’ என்றார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் தாங்களே தேர்ந்தபோதுதான் அதிகம் முடித்தார்கள். சீன, ஜப்பானிய வம்சாவளிப் பிள்ளைகள் அம்மா தேர்ந்ததாகச் சொன்னபோது அதிகம் முடித்தார்கள். அதற்காக அவர்கள் யாருக்கும் அடங்கிப் போகிறவர்கள் அல்ல; முன்பின் அறியாத ஆய்வாளர் தேர்ந்தபோது அவர்களும் சுணங்கினார்கள். அம்மா தேர்ந்ததைத் தாங்கள் தேர்ந்ததாகவே எடுத்துக்கொண்டார்கள் என்று தோன்றுகிறது.

2007இல் சீன ஆய்வாளர்கள் மூளையைப் படமெடுத்துக் கண்டதும் இதையொட்டியே இருந்தது. ஒரு குணச் சொல்லைக் காட்டி ‘இது உங்களுக்குப் பொருந்துமா’ என்று கேட்டால் நெற்றிக்குப் பின்னால் நடுப்பகுதியில் ஒரு செயல்பாடு தெரியும். ‘இது உங்கள் அம்மாவுக்குப் பொருந்துமா’ என்று கேட்டபோதும் சீனர்களின் மூளையில் அதே இடம் செயல்பட்டது. மேலைநாட்டவர்களிடம் அப்படி இல்லை. கலந்துகொண்டவர்கள் மிகச் சிலரே. ஆகவே இதை வைத்து ‘ஆசிய மூளை’ என்று மேடை போட வேண்டாம்.

சில ஆய்வுகள் நன்றாகத் தோன்றி, பிறகு சிக்கலாகிவிட்டன. 1999இல் வந்த பேனா ஆய்வு அப்படிப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் ஒரு படிவத்தை நிரப்பித் தந்த பயணிகளுக்கு நன்றியாக ஒரு பேனா கொடுத்தார்கள். நீட்டிய ஐந்து பேனாக்களில் ஒரு நிறத்தில் ஒன்றிரண்டும் மற்றொரு நிறத்தில் மீதியும் இருந்தன. அமெரிக்கர்கள் அரிதான நிறத்தையும் கிழக்காசியர்கள் அதிகமாக இருந்த நிறத்தையும் எடுத்தார்கள். தனித்துத் தெரிய ஆசை, ஒத்துப்போக ஆசை என்று விளக்கம் சொன்னார்கள். சில ஆண்டுகள் கழித்து ஜப்பானிய உளவியலாளர் தோஷியோ யமகிஷி இதையே வேறு விதமாகச் செய்தார். உங்களுக்குப் பிறகும் ஆட்கள் எடுக்கப் போகிறார்கள் என்றோ, நீங்கள்தான் கடைசி ஆள் என்றோ, கடையில் காசு கொடுத்து வாங்குகிறீர்கள் என்றோ சூழ்நிலையைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஜப்பானியர்களுக்கும் அமெரிக்கர்களுக்கும் இடையே இருந்த வேறுபாடு மறைந்துவிட்டது. சூழ்நிலை தெளிவாக இல்லாதபோது ஜப்பானியர் ‘யாருக்காவது இடைஞ்சல் ஆகிவிடுமோ’ என்று ஒதுங்கி எடுக்கிறார். உள்ளுக்குள் அவருக்கும் அரிதான பேனாதான் பிடித்திருக்கிறது. பந்தியில் கடைசியாக இருக்கும் ஒரு வடையை யாரும் எடுக்காமல் விடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இந்தியாவுக்கு வருவோம். இந்தத் துறையின் மிக நல்ல ஆய்வுகளில் இரண்டு நம் அண்டை மாநிலத்திலும் ஒடிசாவிலும் நடந்தவை. இரண்டும் 1980களின் முற்பகுதியில் வெளிவந்தன.

புவனேஸ்வரத்தில் ரிச்சர்ட் ஷ்வேடரும் எட்மண்ட் போர்னும், உங்களுக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். சிகாகோவிலும் அதையே கேட்டார்கள். சிகாகோக்காரர் ‘அவள் நட்பானவள்’ என்றால், ஒடியா மொழிக்காரர் ‘பண்டிகை நாளில் எங்கள் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுவருவாள்’ என்பார். அங்கே ‘அவன் முரடன்’ என்பது இங்கே ‘அவன் பக்கத்து வீட்டாரைத் திட்டுவான்’ என்று வரும். யார், யாருக்கு, எப்போது, என்ன செய்தார் என்ற விவரம் இல்லாமல் ஒடியாக்காரர்கள் ஒருவரை வருணிப்பது குறைவு. இதைப் பொதுமைப்படுத்தத் தெரியாத குறை என்று சிலர் நினைக்கலாம். எழுத்தறிவும் படிப்பும் இந்த வேறுபாட்டை விளக்கவில்லை என்பதை அந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். எனக்கென்னவோ ஒடியாப் பதில்தான் மேலான தகவல் என்று படுகிறது. ‘நட்பானவள்’ என்ற சொல்லை வைத்து அந்தப் பெண்ணைப் பற்றி நான் எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

மைசூரில் ஜோன் மில்லர் நடத்திய ஆய்வு இன்னும் ஆழமானது. தெரிந்தவர் ஒருவர் செய்த நல்லதையோ கெட்டதையோ சொல்லி, அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று விளக்கச் சொன்னார். மைசூரில் சொல்லப்பட்ட ஒரு சம்பவம் இது. வழக்கறிஞர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் போகிறார். பின்சக்கரம் வெடித்து, பின்னால் உட்கார்ந்திருந்தவர் விழுந்து தலையில் அடிபடுகிறார். வழக்கறிஞர் அவரை மருத்துவமனையில் சேர்க்கிறார். காயம் எவ்வளவு தீவிரம் என்று மருத்துவரிடம் கேட்காமலே நீதிமன்றத்துக்குப் போய்விடுகிறார். அடிபட்டவர் இறந்துவிடுகிறார். வழக்கறிஞர் ஏன் அப்படிச் செய்தார்? அமெரிக்கர்கள் பெரும்பாலும் அவர் பொறுப்பற்றவர், தன் முன்னேற்றமே பெரிதென்று நினைப்பவர் என்ற விதத்தில் பேசினார்கள். மைசூர்க்காரர்கள், கட்சிக்காரருக்காக நீதிமன்றத்தில் நிற்பது அவர் கடமை, பதற்றத்தில் இருந்திருப்பார், காயம் பெரிதாகத் தெரிந்திருக்காது என்றார்கள். ஒரு தரப்பு ஆளின் குணத்தைப் பார்த்தது. மறுதரப்பு ஆள் நின்ற இடத்தைப் பார்த்தது.

மில்லர் குழந்தைகளிடமும் கேட்டார். எட்டு வயதில் சிகாகோப் பிள்ளைக்கும் மைசூர்ப் பிள்ளைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வயது ஏற ஏற, அமெரிக்கப் பிள்ளைகளின் பேச்சில் குணம் கூடிக்கொண்டே போனது. மைசூர்ப் பிள்ளைகளின் பேச்சில் சூழ்நிலை கூடிக்கொண்டே போனது. பிறக்கும்போதே எவரும் இந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வருவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் படித்ததில்லை. அதே மைசூரில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியர்களின் பதில்கள் இரண்டுக்கும் நடுவில் விழுந்தன. ஒரே தெரு, ஒரே வெயில். வீட்டுப் பழக்கம் மட்டும் வேறு.

பிள்ளைக்கு இது எப்படிப் போய்ச் சேர்கிறது? யாரும் உட்கார வைத்துப் பாடம் எடுப்பதில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ச்சி வாங் இதைத் தாயும் சேயும் பேசும் பேச்சில் தேடினார். பெரியவர்களிடம் உங்கள் முதல் ஞாபகம் எது என்று கேட்டால், அமெரிக்கர்களுக்கு அது சராசரியாக மூன்றரை வயதில் நிற்கிறது; சீனர்களுக்கு ஏறக்குறைய அரை ஆண்டு தள்ளி வருகிறது. அமெரிக்கர்களின் முதல் ஞாபகம் பெரும்பாலும் தனக்கு மட்டும் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி, நீளமான கதை, தன் உணர்ச்சி உட்பட. சீனர்களின் ஞாபகம் சுருக்கமானது. வீட்டில் எல்லாரும் வழக்கமாகச் செய்வது, அக்கம்பக்கத்தில் நடந்தது. காரணத்தைத் தேடிப் போனால் தாய்மார்களின் கேள்விகள் வேறாக இருக்கின்றன. அமெரிக்கத் தாய் ‘மிருகக்காட்சிசாலையில் உனக்கு எது பிடித்தது, அப்போது உனக்கு எப்படி இருந்தது’ என்று கேட்டுக் கேட்டுக் கதையை நீட்டுகிறாள். சீனத் தாய் பழைய நிகழ்ச்சியை எடுத்தால், பெரும்பாலும் அன்று பிள்ளை எப்படி நடந்துகொண்டது, அடுத்த முறை எப்படி நடக்க வேண்டும் என்று முடிக்கிறாள். நம் வீடுகளில் விருந்தினர் போன பிறகு பிள்ளைகளுக்கு நடக்கும் விசாரணையை நினைத்துப் பாருங்கள்: ‘மாமாவுக்கு ஏன் வணக்கம் சொல்லவில்லை?’ அந்தப் பிள்ளைக்கு அந்த மாலையின் கதை மாமாவைச் சுற்றியே எழுதப்படுகிறது.

கேள்விகள் ஏன் வேறாக இருக்கின்றன என்று இன்னும் பின்னால் போனால் வயலில் போய் நிற்போம். தாமஸ் டால்ஹெல்மும் அவர் குழுவினரும் 2014இல் சீனாவுக்குள்ளேயே ஓர் ஒப்பீடு செய்தார்கள். யாங்சி ஆற்றுக்குத் தெற்கே நெல், வடக்கே கோதுமை. மொழியும் வரலாறும் அரசும் பெருமளவு பொது, பயிர் வேறு. நெல்லுக்குக் கோதுமையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உழைப்பு வேண்டும். வாய்க்காலை ஊரே சேர்ந்து வெட்ட வேண்டும், தூர் வார வேண்டும்; யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பேசி முடிக்க வேண்டும்; நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் மாற்றிக்கொள்ள வேண்டும். மழையை நம்பிய கோதுமைக்காரர் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளலாம்.

ஆறு இடங்களில் 1,162 மாணவர்களிடம் சோதித்தார்கள். அதில் ஒரு சோதனை: உன்னையும் நண்பர்களையும் வட்டங்களாக வரைந்து, கோடு போட்டு இணை. பிறகு ஆய்வாளர் அளவுகோலை எடுத்து, தன் வட்டம் நண்பர்களின் வட்டத்தைவிட எவ்வளவு பெரிது என்று அளப்பார். முந்தைய ஆய்வுகளில் அமெரிக்கர்கள் தங்களை ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் பெரிதாக வரைந்திருந்தார்கள்; ஐரோப்பியர்கள் 3.5 மில்லிமீட்டர், ஜப்பானியர்கள் நண்பர்களைவிடச் சற்றுச் சிறிதாகவே வரைந்திருந்தார்கள். சீனாவின் கோதுமைப் பகுதி மாணவர்கள் 1.5 மில்லிமீட்டர் பெரிதாக வரைந்தார்கள். நெல் பகுதி மாணவர்களின் வட்டத்தில் வேறுபாடே இல்லை என்று சொல்லலாம். அந்த மாணவர்களில் பெரும்பாலோர் வயலில் இறங்கியிருக்க வாய்ப்பில்லை என்பதுதான் வியப்பு. ஏரோட்டம் நின்ற பிறகும் ஏரோட்டியவர்களின் பழக்கம் வீட்டுக்குள் நிற்கிறது. இந்த முடிவுகளை வேறு விதமாக விளக்கலாம் என்று மறுத்தவர்களும் உண்டு, விவாதம் முடியவில்லை.

இதைப் படித்ததும் தஞ்சாவூர்க்காரர் எவருக்கும் மார்பு கொஞ்சம் விரியும். ஏரியும் வாய்க்காலும் ஊரார் உழைப்பில் பராமரிக்கப்பட்ட குடிமராமத்து நம்மிடமும் இருந்ததே என்று தோன்றும். இருந்தது. ஆனால் காவிரி டெல்டாவின் நெல், சமமான அண்டை வீட்டார் ஆள் மாற்றிக்கொண்டு விளைவித்த நெல் அல்ல. நிலம் ஒரு சாதியிடம், சேற்றில் இறங்கும் வேலை இன்னொரு சாதியிடம். மிராசுதாரரும் பண்ணையாளும் ஒரே பயிரைச் சுற்றி வாழ்ந்தார்கள், ஒரே மாதிரியான ‘நான்’ அவர்களுக்கு வாய்த்திருக்க முடியாது. உறவுசார் சுயம் என்றதும் நாம் பாட்டியின் மடியை நினைக்கிறோம். மேலே நிற்பவனுக்கும் கீழே நிற்பவனுக்கும் இடையில் இருப்பதும் உறவுதான்.

இதைச் சுரீரென்று காட்டிய சோதனை உத்தரப் பிரதேசத்தில் நடந்தது. பொருளியலாளர்கள் கார்லா ஹாஃபும் பிரியங்கா பாண்டேயும் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களுக்குத் தாளில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்து, முடித்த ஒவ்வொன்றுக்கும் காசு தந்தார்கள். யார் என்ன சாதி என்பதைப் பற்றிப் பேச்சே எடுக்காதபோது, மேல்சாதிச் சிறுவர்களும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களும் ஏறக்குறைய சமமாக முடித்தார்கள். வேறொரு குழுவில் புதிர் தொடங்குமுன் ஒவ்வொரு சிறுவனின் பெயரையும் ஊரையும் அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் சாதியையும் எல்லார் முன்னிலையிலும் அறிவித்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களின் எண்ணிக்கை கணிசமாக விழுந்தது. சற்று முன்வரை ‘நான் புதிர் போடுகிறவன்’ என்றிருந்த பையனுக்கு, நாலு பேர் காதுபட வேறொரு ‘நான்’ நினைவூட்டப்பட்டது. சரியாகப் போட்டாலும் தனக்கு நியாயம் கிடைக்காது என்ற எதிர்பார்ப்பும் இதில் வேலை செய்திருக்கும் என்கிறார்கள் அந்த ஆய்வாளர்கள். பள்ளிப் பதிவேட்டைச் சத்தமாக வாசிக்கும் ஆசிரியர்கள் எல்லாரும் இந்த ஆய்வை ஒரு முறை படிக்க வேண்டும்.

தனித்த சுயம் விடுதலை தருவதும் இந்த இடத்தில்தான். யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வி காயப்படுத்தும் ஒருவருக்கு, ‘நான் நிரலாளர், எனக்குச் சதுரங்கம் பிடிக்கும்’ என்று தொடங்க முடிவது சிறிய விஷயமல்ல. தன் ஊரில் அழுத்தமாக இருக்கும் அடையாளத்தை நகரத்தில் இறக்கி வைக்கலாம் என்று நம்பிப் போகிறவர்கள் சுயநலவாதிகள் என்று எனக்குத் தோன்றவில்லை.

கிழக்கு, மேற்கு என்ற பிரிவினையும் ஆய்வாளர்கள் மத்தியில் இப்போது பலமாகவே ஆட்டம் கண்டிருக்கிறது. 2002இல் டாஃப்னா ஓய்சர்மனும் உடன் பணியாற்றியவர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஜப்பானியர்களோ கொரியர்களோ அமெரிக்கர்களைவிடக் கூட்டுணர்வு மிகுந்தவர்கள் என்று சொல்வதற்கு ஆதாரம் போதவில்லை. 2016இல் விவியன் விக்னோல்ஸ் தலைமையிலான குழு 33 நாடுகளில் கேட்டுப் பார்த்து, தனித்திருத்தல் என்பது ஒரே கோடு அல்ல என்றது. முடிவெடுப்பதில் தன்னிச்சையாக இருப்பவர், பணத்துக்கு உறவினரை நம்பியிருக்கலாம். மற்றவரிலிருந்து வேறுபட விரும்புகிறவர், சண்டை வந்தால் விட்டுக்கொடுக்கலாம். இப்படி ஏழு கோடுகள். ஒவ்வொரு சமூகமும் அவற்றில் வெவ்வேறு இடங்களில் நிற்கிறது.

ஓர் ஆளுக்குள்ளேயே அந்த இடம் நகரவும் செய்கிறது. 2000இல் யிங்-யி ஹாங்கும் சக ஆய்வாளர்களும் ஹாங்காங் மாணவர்களில் சிலருக்கு அமெரிக்கக் கொடி, சூப்பர்மேன் போன்ற படங்களையும், சிலருக்குச் சீன டிராகன், பெருஞ்சுவர் போன்ற படங்களையும் காட்டினார்கள். பிறகு ஒரு மீன் கூட்டத்துக்கு முன்னால் நீந்திப் போகும் படம். அந்த மீன் ஏன் முன்னால் போகிறது? சூப்பர்மேனைப் பார்த்து வந்தவர்கள் அந்த மீனுக்குள் இருக்கும் காரணத்தை அதிகம் நாடினார்கள். டிராகனைப் பார்த்து வந்தவர்கள் பின்னால் வரும் மீன்களைக் காரணம் காட்டினார்கள். இரண்டு விதமாகவும் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு, எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதன் வழியே பார்வை போகிறது.

இருபது பதில் தாளையே இப்படி அசைக்கலாம். 1989இல் ஸ்டீவன் கசின்ஸ் ஜப்பானிய மாணவர்களிடம் வெறுமனே ‘நான் யார்?’ என்று கேட்டபோது குணச் சொற்கள் குறைவாகவே வந்தன. ‘வீட்டில் நான்…’, ‘நண்பர்களோடு நான்…’ என்று இடத்தைக் குறிப்பிட்டதும் அமெரிக்கர்களைவிட அதிகமான குணச் சொற்களை எழுதினார்கள். அமெரிக்கர்களோ இப்போது ‘சில சமயம்’, ‘வீட்டில் மட்டும்’ என்று இழுத்தார்கள். ஜப்பானியர்களுக்குத் தங்களைத் தெரியாமல் இல்லை. இடம் சொல்லாத கேள்வி அவர்களுக்கு அரைக் கேள்வியாகப் பட்டிருக்கிறது.

நீங்களும் ஒரு தாளை எடுத்து எழுதிப் பார்க்கலாம். முதல் ஐந்தாறு பதில்கள் விறுவிறுவென்று வரும். பிறகு பேனா நிற்கும். அதன் பின் வருபவற்றையும் விடாமல் எழுதுங்கள். இடத்தைக் குறிப்பிடாமல் ஒரு முறை, ‘அலுவலகத்தில் நான்’, ‘மாமனார் வீட்டில் நான்’ என்று இன்னொரு முறை. கூடவே ஒரு நாள் தமிழிலும் சில நாள் கழித்து ஆங்கிலத்திலும் எழுதுங்கள். கனடாவில் வாழும் சீனாவில் பிறந்த மாணவர்களிடம் மைக்கேல் ராஸ் குழுவினர் இதைச் சோதித்து 2002இல் எழுதினார்கள். சீன மொழியில் பதில் எழுதியவர்கள் குழுவையும் உறவையும் சார்ந்த வாக்கியங்களை அதிகம் எழுதினார்கள். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் ஏறக்குறைய கனடாக்காரர்களைப் போலவே எழுதினார்கள். டொரண்டோவிலோ சிங்கப்பூரிலோ வளரும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களையும் இரண்டு மொழியிலும் எழுதச் சொல்லுங்கள். ஆனால் பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்காதீர்கள். நீங்கள் நின்றால் அவர்கள் ‘நல்ல பிள்ளை’ என்றுதான் முதல் வரி எழுதுவார்கள்.